ஐரிஷ் கிராமப்புறத்தில் ஒரு சுற்று: மாளிகைகள், மதில்கள், நம்முடைய பழைய கவர்னர்கள்

செவ்வாய், எனிஸ்கெரி

டப்ளின் நகரத்துக்குள் நுழையவே இல்லை. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது கிராமப்புறம்: பழைய பிரபுக்களின் மாளிகைகள், கோட்டைகள், நடுநடுவே கொஞ்சம் மலையும் கடலும். விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு நேரே தெற்கே விக்லோ மலைப்பக்கம் வந்துவிட்டோம். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் நம் ஆட்களுக்கு அதில் குழப்பம் இல்லை. சாலையின் அகலம்தான் பிரச்சினை. இருபுறமும் கல்சுவரும் முள்வேலியும் நெருக்கிக்கொண்டு நிற்க, எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆகவேண்டும். வழிவிட்டால் அந்த டிராக்டர்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் அரை அங்குலம் தூக்குவார். அதுதான் இங்கே வணக்கம், நன்றி, நல்லா இருக்கீங்களா எல்லாம். மாலைக்குள் எனக்கும் அது பழகிவிட்டது.

முதலில் பவர்ஸ்கோர்ட். விங்ஃபீல்ட் குடும்பத்தின் எஸ்டேட். 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றை உள்ளே வைத்து அதைச் சுற்றி 1730களில் ரிச்சர்ட் காசல்ஸ் என்பவர் கட்டிய மாளிகை. 1974இல் தீப்பிடித்து உள்ளே முழுக்க எரிந்துபோனது, அதனால் இப்போது வீட்டுக்குள் கடைகளும் காபியும்தான், பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வீட்டின் பின்பக்க மேடைப் படியில் நின்றால் தோட்டம் படிப்படியாக இறங்கி ஒரு வட்டக் குளத்தில் முடிய, அதற்குப் பின்னால் ஷுகர்லோஃப் மலை கூம்பாக எழுந்து நிற்கிறது. மலையையும் சேர்த்துத் தோட்டத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். இதை வடிவமைத்தவர்களில் டேனியல் ராபர்ட்சன் என்று ஒருவர். மூட்டுவாத நோயாளி, நடக்க முடியாது. தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொண்டு கையில் ஷெர்ரி பாட்டிலோடு வேலையாட்களை ஏவுவாராம், பாட்டில் காலியானால் அன்றைய வேலையும் முடிந்ததாம்.

வளர்ப்புப் பிராணிகளுக்கு ஒரு மயானம் இருக்கிறது. நாய், குதிரையோடு யூஜீனி என்ற ஜெர்சி பசுவுக்கும் கல்வெட்டு: 17 கன்று ஈன்றது, ஒரு லட்சம் கேலனுக்கு மேல் பால் கறந்தது. என் மனைவி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "உழைச்சதுக்குப் பேர் போட்டது இந்த எஸ்டேட்லயே மாட்டுக்கு மட்டும்தான் போல" என்றாள். தோட்டம் தோண்டியவர்களின் பெயர்ப் பலகை எங்கேயாவது இருக்கிறதா என்று அதற்கப்புறம் தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை.

சில கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட்டின் அருவி, 121 மீட்டர். 1821இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் வருகிறார் என்று பிரபு மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்தார், மன்னர் வந்து நிற்கும்போது திறந்துவிட்டால் பிரமாதமாகக் கொட்டும் என்று. மன்னர் விருந்துச் சாப்பாட்டில் நேரம் போனது தெரியாமல் அருவிக்கு வராமலே போய்விட்டார். பிறகு திறந்து பார்த்தபோது அவர் நிற்பதற்காகக் கட்டிய பாலத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாம். ஒரு மன்னரின் உயிரைப் பெருந்தீனி காப்பாற்றிய கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

மாலை க்ளென்டலாக். 6ஆம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி வந்து தங்கிய பள்ளத்தாக்கு, இரண்டு ஏரி, 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம், சாய்ந்த கல்லறைக் கற்கள். மேல் ஏரிக்கு நடந்து போய் வந்தோம். இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறது, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

புதன், பர்

காலையில் கில்கெனி கோட்டையை வேகமாகப் பார்த்தோம். பட்லர் குடும்பம் ஏறக்குறைய 600 ஆண்டு வைத்திருந்த கோட்டை. பராமரிக்க வழியில்லாமல் 1967இல் ஊருக்கு 50 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐம்பதுதான், அச்சுப்பிழை இல்லை. படக்கூடத்தின் மரக்கூரை அழகு. மற்றபடி கூட்டம் அதிகம்.

மத்தியானச் சாப்பாட்டில் ஒன்றைக் கவனித்தேன். ரோஸ்ட் கேட்டால் தட்டில் அவித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, போதாதா என்று இன்னொரு கிண்ணத்தில் சிப்ஸ். பரிமாறிய பெண்மணிக்கு இதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை.

மாலை பர் என்ற சின்ன ஊர். இங்கே இருக்கும் கோட்டையில் பார்சன்ஸ் குடும்பம் 1620லிருந்து இருக்கிறது, இன்றைக்கும் வாழ்கிறது. நாங்கள் வந்தது கோட்டைக்காக அல்ல, தோட்டத்தின் நடுவே இரண்டு பெரிய கல்சுவர்களுக்கு இடையில் தொங்கும் தொலைநோக்கிக்காக. மூன்றாம் ராஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ் 1845இல் முடித்தது. கண்ணாடியின் குறுக்களவு 72 அங்குலம், 1917 வரை உலகத்தில் இதைவிடப் பெரியது கிடையாது. கண்ணாடி என்றால் கண்ணாடி அல்ல, செம்பும் தகரமும் கலந்து வார்த்த மூன்று டன் உலோகத் தட்டு. எஸ்டேட்டு ஆட்களுக்கே வேலை பழக்கி, இந்தப் பக்கத்துச் சதுப்பில் வெட்டிய கரிமண்ணை எரித்தே வார்த்திருக்கிறார். அதில் பார்த்துத்தான் எம் 51 என்ற வான்பொருள் சுருள் வடிவத்தில் இருக்கிறது என்று முதன்முதலில் வரைந்தார். அந்தப் படத்தின் பிரதி அங்கே இருக்கிறது. இன்றைய புகைப்படத்தோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் மேகம் மூடியிருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு செய்த காரியம்.

அதே 1845இல்தான் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. பிரபு வானத்தை விட்டுவிட்டு நிவாரண வேலைக்கு இறங்கினார், எஸ்டேட்டில் மதில், அகழி என்று ஏதாவது கட்டச்சொல்லிக் கூலி கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் சுற்றிவந்த அகழியில் கொஞ்சம் அந்தக் காலத்து வேலை. இவரை நல்ல பண்ணையார் என்றே இங்கே சொல்கிறார்கள், மறுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

இந்த வீட்டின் கடைசிப் பிள்ளை சார்லஸ்தான் நீராவி டர்பைனைக் கண்டுபிடித்தவர். அனல்மின் நிலையங்களில் இன்றும் அந்த வழிதான் ஓடுகிறது. சொந்தக்காரப் பெண் மேரி வார்ட், நுண்ணோக்கியில் பார்த்ததைப் படம் வரைந்து புத்தகம் போட்டவர், 1869இல் இவர்கள் வீட்டு நீராவி வண்டியிலிருந்து விழுந்து சக்கரத்தில் மாட்டி இறந்தார். உலகத்தின் முதல் மோட்டார் வாகன விபத்து மரணம் என்று அதைச் சொல்கிறார்கள். ஒரே குடும்பத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

வியாழன், ஸ்ட்ரோக்ஸ்டவுன்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க், மாஹன் குடும்பத்தின் எஸ்டேட். ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அகலத்தில் ஒரு தெரு, அதன் கோடியில் வளைவு வாசல், உள்ளே வெள்ளை மாளிகை. சமையலறைக்கு மேலே சுற்றிலும் ஒரு மாடம் இருக்கிறது. வீட்டு எஜமானி திங்கள்கிழமை காலையில் அதில் வந்து நின்று அந்த வாரத்துக்கான சமையல் பட்டியலைக் கீழே போடுவாராம். படியிறங்கிப் போய்ச் சமையல்காரியிடம் பேச வேண்டியதில்லை. வேலையாட்கள் ஜன்னல் வழியாகக் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று தரைக்கு அடியில் சுரங்க நடை வேறு. இதையெல்லாம் வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார், நாங்களும் சிரித்தோம்.

அப்புறம் குதிரை லாயத்துக்குள் போனோம். அங்கேதான் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம். 1979இல் உள்ளூர் வண்டி வியாபாரி ஒருவர் இந்த எஸ்டேட்டை வாங்கி, வீட்டில் கிடந்த பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்தபோது பஞ்சகாலத்துக் குத்தகைக் கணக்குகள், குடியானவர்கள் கெஞ்சி எழுதிய மனுக்கள் எல்லாம் அப்படியே இருந்திருக்கின்றன. இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்டியிருக்கலாம். அவர் வீட்டையும் காகிதத்தையும் காப்பாற்ற, 1994இல் அருங்காட்சியகம் திறந்தது.

பஞ்சம் 1845லிருந்து 1852 வரை. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். 1841இல் 82 லட்சமாக இருந்த ஜனத்தொகை பத்தே வருடத்தில் 66 லட்சத்துக்கு இறங்கியது. உருளையைத் தின்றது ஒரு கருகல் நோய். நீலகிரியில் உருளை போடுகிறவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் இலை கறுத்து இரண்டு மூன்று நாளில் வயலே அழுகும், அதே நோய்தான். ஆனால் அழுகியது உருளை மட்டும்தான். ஓட்ஸும் மாடும் வெண்ணெயும் துறைமுகம் வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தன, ஏனென்றால் அவை குத்தகைப் பணத்துக்கானவை. ஏழை தின்றது உருளை ஒன்றைத்தான், நல்ல நிலமெல்லாம் போக அவனுக்கு மிஞ்சிய துண்டில் குடும்பம் பிழைக்க வேறெந்தப் பயிராலும் முடியாது.

மாளிகைக்காரர் மேஜர் டெனிஸ் மாஹன் 1847இல் கணக்குப் போட்டுப் பார்த்தார். குத்தகை பாக்கி வைத்த குடிகளை ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போட்டால் எஸ்டேட்டின் மேல் வரி விழும், அதைவிடக் கப்பல் கூலி மலிவு. 1,490 பேரை வெளியேற்றினார். ராயல் கால்வாய்க் கரையோடு 165 கிலோமீட்டர், டப்ளின் வரை நடந்தே போனார்கள். அங்கிருந்து லிவர்பூல், அங்கிருந்து கனடா. விர்ஜினியஸ் என்ற கப்பலில் ஏறியவர்கள் 476, கடலிலேயே செத்தவர்கள் 158. கியூபெக் கரைக்கு வந்தபிறகு தொற்றுநோய்த் தீவில் செத்தவர்கள் தனி. அந்த வருடம் நவம்பரில் மேஜரை யாரோ வழியில் மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். இப்போது அந்தக் கால்வாய்க் கரை ஒரு நடைபாதை, ஆங்காங்கே குழந்தைகளின் செருப்பை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு பெயரைப் படித்தபோது நின்றுவிட்டேன். ஒன்று சார்லஸ் ட்ரெவெல்யன். லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து அயர்லாந்தின் நிவாரணப் பணத்தைக் கையில் வைத்திருந்த அதிகாரி. 1847 கோடையில் அரசு கஞ்சித் தொட்டி திறந்து ஒரு கட்டத்தில் தினமும் முப்பது லட்சம் பேருக்கு ஊற்றியது. செய்ய முடியும் என்று காட்டிவிட்டு, சில மாதத்தில் மூடிவிட்டார்கள். பஞ்சம் முடிவதற்கு முன்பே முடிந்ததாகப் புத்தகம் எழுதிய இவருக்கு 1848இல் சர் பட்டம் கொடுத்தார்கள். பிறகு 1859இல் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தார். பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்கியது இவர்தான், வால்டாக்ஸ் ரோடு பக்கம் ட்ரெவெல்யன் பேசின் தெரு இன்னும் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து திணித்த புதிய வரியை எதிர்த்ததற்காகப் பதவி போனது என்பதால் சென்னைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இவரை நல்லவராகவே எழுதுவார்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். இரண்டும் ஒரே ஆள்.

இன்னொருவர் வில்லியம் கிரெகரி, நாடாளுமன்ற உறுப்பினர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்ற ஷரத்தை 1847 சட்டத்தில் சேர்த்தவர். அதாவது கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு. விட்டால் திரும்பக் கிடைக்காது. பண்ணையார்களுக்கு நிலம் சும்மாவே காலியானது. இந்தக் கிரெகரியும் 1872இல் இலங்கைக்குக் கவர்னராகப் போனார். அவருடைய எஸ்டேட் கால்வே மாவட்டத்தில் எங்கள் வழியில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் சனிக்கிழமைத் திட்டத்தை மாற்றிவிட்டோம்.

மனம் சரியில்லாததால் வடக்கே பாய்ல் வரை காரில் போனோம். அமைதியான ஊர். மார்கரெட் கசின்ஸ் பிறந்த ஊர் இது. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், மதனப்பள்ளியில் ஜன கண மனவுக்கு ஸ்வரம் எழுத உதவியவர். இந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்தவர்கள் எல்லோருமே கவர்னர்கள் இல்லை, அதையும் எழுதிவிடுவது நல்லது.

வெள்ளி, கன்னிமாரா

மழை. நேற்றைப் போல எழுத இன்று தெம்பு இல்லை.

சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் கொடுத்த கவர்னர் ராபர்ட் போர்க் தன் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தப் பிரதேசத்தைத்தான். கரிமண் சதுப்பு, கறுப்பு ஏரிகள், மேகத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டு பன்னிரண்டு மலைமுகடுகள், சாலையின் நடுவில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும் ஆடுகள். ஆட்டின் முதுகில் நீலமும் சிவப்புமாக மை, எது யாருடையது என்று தெரிவதற்காம்.

கைல்மோர் படங்களில் பார்த்தது போலவே இருக்கிறது, ஏரிக்கரையில் சாம்பல் நிறக் கோட்டை. மிட்செல் ஹென்ரி என்ற பணக்காரர் 1867இல் கட்டத் தொடங்கியது. மனைவிக்குப் பிடித்த இடம். மனைவி 1874இல் எகிப்துப் பயணத்தில் இறந்துபோக, அவர் நினைவாக ஹென்ரி ஏரியோரம் ஒரு சிறிய தேவாலயம் கட்டினார். 1920இல் போரில் மடம் இடிந்துபோன பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரிகள் வந்து சேர்ந்தார்கள், 2010 வரை பெண்கள் பள்ளி நடந்தது. மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம்தான் எனக்குப் பிடித்தது, அங்கே கூட்டமும் குறைவு.

பாலினஹின்ச்சில் ஒரு டீ குடித்தோம். இப்போது விலை உயர்ந்த ஹோட்டல், தங்கக் கட்டுப்படியாகாது. ஒரு காலத்தில் ரிச்சர்ட் மார்ட்டின் வீடு. மிருகவதைக்கு எதிராக 1822இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முதல் சட்டம் கொண்டுவந்தவர். பேத்தி காலத்தில் பஞ்சம் வந்து அந்தப் பெரிய எஸ்டேட்டே கடனில் மூழ்கியது. பிறகு 1924இல் இதை வாங்கியவர் கிரிக்கெட் ரஞ்சித்சிங்ஜி! நவாநகர் சமஸ்தானத்து மன்னரான (ஜாம் சாகிப்) அவர் குஜராத் வெயிலை விட்டுவிட்டு இங்கே வந்து சால்மன் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், 1933இல் இறக்கும்வரை. அவரும் ஒரு வகையில் பண்ணையார்தான், இங்கேயும் அங்கேயும்.

சனி, கூல் பார்க், கோர்ட்

இதுதான் அந்தக் கிரெகரியின் எஸ்டேட். வீடு இல்லை. 1941இல் இடித்துவிட்டார்கள். புல்வெளி நடுவே அடித்தளம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்று எது கூடம் எது படுக்கையறை என்று ஊகிக்கலாம். மற்ற எஸ்டேட்டுகளில் வீட்டைப் பார்த்துவிட்டு ஆட்களைத் தேடினோம், இங்கே தலைகீழ்.

இந்த நிலத்தை 1768இல் வாங்கிய ராபர்ட் கிரெகரி பணம் சம்பாதித்தது கிழக்கிந்தியக் கம்பெனியில். பின்னாளில் கம்பெனியின் சேர்மனும் ஆனார். ஆக, நம் பக்கத்திலிருந்து போன பணத்தில் வாங்கிய எஸ்டேட், அதில் வளர்ந்த வாரிசு கால் ஏக்கர் ஷரத்தை எழுதுகிறார், அதற்கப்புறம் இலங்கையை ஆளப் போகிறார். கொழும்பு அருங்காட்சியகம் 1877இல் திறந்தது அவர் முயற்சியில்தான், வாசலில் சிலை இன்னும் நிற்கிறது. நுவரெலியாவின் கிரெகரி ஏரியில் படகு விட்ட நம்மவர்கள் ஏராளம். அந்த மலைகளின் தோட்டங்களில் நம் ஜனங்கள் என்ன பாடு பட்டார்கள் என்பது தனிக்கதை, அதை இவர் ஒருவர் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் ஏரிக்குப் பெயர் இருக்கிறது, ஷரத்துக்கும் பெயர் இருக்கிறது, இரண்டையும் ஒரே பலகையில் நான் எங்கேயும் பார்க்கவில்லை.

இங்கே வருகிறவர்கள் அவருக்காக வருவதில்லை. அவர் மனைவி அகஸ்டா, லேடி கிரெகரி, கணவர் இறந்தபிறகு ஐரிஷ் மொழி படித்து, ஊர் ஊராகக் கதை சேகரித்து, கவிஞர் யேட்ஸோடு சேர்ந்து டப்ளினில் ஆபி நாடக அரங்கைத் தொடங்கியவர். மதிலுக்குள் இருக்கும் தோட்டத்தில் ஒரு பெரிய செம்பு நிற பீச் மரம். விருந்துக்கு வந்த யேட்ஸ், நாடகாசிரியர்கள் பெர்னார்ட் ஷா, ஜே.எம். சிங் (Synge), ஓகேஸி எல்லோரும் அதன் பட்டையில் தங்கள் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். இப்போது சுற்றிலும் கம்பி வேலி, கிறுக்கும் ஆசை உள்ளவர்கள் உலகமெங்கும் உண்டு. ஷாவின் எழுத்து சட்டென்று தெரிகிறது, மற்றதெல்லாம் பட்டையோடு ஊதிப்போய்விட்டது.

ஏரியும் விசித்திரம். கீழே சுண்ணாம்புப் பாறை, அதன் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வருவதும் போவதும். குளிர்காலத்தில் காட்டுக்குள் வரை பரவும், கோடையில் சுருங்கிவிடும். நாங்கள் போனபோது பாதி ஏரி, பாதி புல்.

மத்தியானம் பர்ரன். மலையே உரித்துவைத்தது போல வெறும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, வெடிப்புகளுக்குள் கையை விட்டால் உள்ளே பெரணியும் நீலப் பூவும். வேறு ஊர்களில் கோடையில் மாட்டை மலைமேல் ஓட்டுவார்கள், இங்கே குளிர்காலத்தில்தான் ஓட்டுகிறார்கள், பாறை பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மேலே கதகதப்பாம். மாடு புல்லை மேய்ந்துவிடுவதால்தான் வசந்தத்தில் பூவுக்கு இடம் கிடைக்கிறது. பூல்னப்ரோன் கல்திட்டையையும் பார்த்தோம், 5,000 ஆண்டுக்கு மேல் பழையது. புதுக்கோட்டைப் பக்கம் கல்திட்டை பார்த்தவர்களுக்கு வடிவம் அந்நியமாக இருக்காது, காற்றுதான் அந்நியம், ஆளைத் தள்ளுகிறது.

ஞாயிறு, லிஸ்கேனர்

மோஹர் மலைமுகடு. 214 மீட்டர் செங்குத்தாகக் கடலுக்குள். காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள், பஸ்கள் வந்தபிறகு கடலைவிடச் செல்ஃபி குச்சிதான் அதிகம் தெரியும். எங்களுக்கு முதல் அரைமணி மூடுபனி, சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரை விலகியதும் பாறை விளிம்புகளில் ஆயிரக்கணக்கில் பறவைகள், பஃபின்கள் கீழே புள்ளி புள்ளியாக. பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

உச்சியில் ஒரு கோபுரம், 1835இல் கொர்னீலியஸ் ஓபிரையன் என்ற பண்ணையார் வேடிக்கை பார்க்க வருபவர்களுக்காகக் கட்டியது. இந்தப் பக்கத்தில் மலைமுகட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கட்டியவர் அவர்தான் என்று உள்ளூரில் கிண்டல். கீழே லிஸ்கேனர் போகும் வழியில் அவருக்கு ஒரு நினைவுத் தூண் வேறு, அவர் உயிரோடு இருக்கும்போதே எழுப்பியது. குடியானவர்கள் அன்போடு போட்ட சந்தா என்று ஒரு கதை, குத்தகைக்காரர்களிடம் வற்புறுத்தி வசூலித்தது என்று இன்னொரு கதை. தங்கும் விடுதி அம்மாள் இரண்டாவதைத்தான் நம்புகிறார். வாரம் முழுக்கப் பார்த்ததை வைத்து நானும் அந்தக் கட்சிதான்.

தூணைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. அதன் காலடியில் பிரிஜித் புனிதவதியின் கிணறு இருக்கிறது, கார்களெல்லாம் அங்கே. ஒரு குறுகிய கல் நடை, இரண்டு பக்கச் சுவரும் தெரியாத அளவுக்கு ஜெபமாலை, இறந்தவர்களின் பாஸ்போர்ட் போட்டோ, குழந்தைச் சட்டை, வேண்டுதல் சீட்டு. ஒரு கிழவர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். முட்டிவலிக்கா என்று என் மனைவி கேட்டாள். இல்லை, பேத்தியின் பரீட்சைக்கு என்றார்.

அனுமதிச் சீட்டு கிடையாது. மோஹர் போகிறவர்கள் இதற்கு அரைமணி ஒதுக்குங்கள். நாளைக் காலை ஷானனில் விமானம், காரை டேங்க் நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.